கடலுக்கு இரண்டு நாள்

செவ்வாய்க்கிழமை.

மாலையில் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. என் மனைவி செல்வி வீட்டு வேலைக்குக் குவைத் போவது அடுத்த வாரம் இல்லையாம், இந்த வெள்ளியாம். அவள் பிறந்ததிலிருந்து எங்கள் மலையூரான டிக்கோயாவை விட்டு அதிகம் போனதில்லை. கடலையே பார்த்ததில்லை. போவதற்குள் பைக்கிலேயே மட்டக்களப்பு, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று ஐந்து நாள் கூட்டிப்போக நினைத்திருந்தேன். இனி இருப்பது நாளையும் மறுநாளும்தான்.

நோட்டில் எழுதி வைத்த ஊர்களை அடித்தேன். யாழ்ப்பாணம் போனது. மட்டக்களப்பும் போனது. திருகோணமலைக்காவது போய்த் திரும்ப முடியுமா என்று திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். வெளியே மழை விடவே இல்லை.

“விடுங்க. பிளேன்ல போறப்ப கடல் தெரியுமாம். பாத்துக்கிறேன்” என்றாள்.

“அப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேனே.”

அவள் எழுந்து போய் ரெயின்கோட் இரண்டையும் எடுத்துக் கதவோரம் வைத்தாள்.

“எத்தன மணிக்குக் கெளம்பணும்?”

“நாலு மணிக்கு.”

எங்கே தங்குவோம், நேரத்துக்குத் திரும்புவோமா, எதுவும் தெரியவில்லை. இப்போது என்னைத் தூங்கச் சொல்கிறாள். தூங்கினால் இந்த இரவும் போய்விடும்.