கார்னிவல் தொழுவத்தில் தண்ணீர் நேரம்

டிசம்பர் 17, செவ்வாய்

விடியலில் பனி. கடற்காற்றில் சுவரெல்லாம் ஈரம். துவைத்த புடவை காயவில்லை. நேற்றுக் கட்டிய நீலக்கரையே மறுபடியும்.

இன்று முதல் வேலை. தியாகராய நகர் மைதானத்துக் கார்னிவலில் ‘குழந்தைகள் தொழுவம்’ என்று ஒரு பகுதி. ஆடு, கன்றுகளைக் குழந்தைகள் தொட்டுப் பார்க்கலாம், கையால் தீனி கொடுக்கலாம். வாசலில் சீட்டுக் கிழிக்க ஒரு பெண் இருந்தால் தாய்மார் பயப்பட மாட்டார்களாம். மாதா கோவில் சாமியார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்தவள், வலது காது போனதும் வீட்டோடு நின்றவள், போன வருஷம் தாயையும் அடக்கம் செய்தவள். எல்லாம் சொல்லியிருப்பார்.

உள்ளே: கழுதை ஒன்று. கன்று ஒன்று. பெட்டை ஆடு இரண்டு. ஒரு கறுப்பு ஆட்டுக்குட்டி. வாத்துகள். பெட்டி நிறைய முயல். பார்த்துக்கொள்பவர் முனுசாமி (இனி மு.), நொச்சிக்குப்பம். ஒரு கை சரியாக மடங்காது, அதனால் கடலுக்குப் போவதில்லை.

திரும்பும்போது, கரிப்புகையில் ஓடும் பஸ் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது. ராத்திரி ரசம், அப்பளம். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அப்பளம் நொறுங்குவது எனக்கே கேட்கிறது.

டிசம்பர் 19, வியாழன்

நல்ல வெயில். கூட்டம்.

மயிலாப்பூர் மாமி ஒருத்தி தன் பிள்ளையிடம்: “நன்னாப் பிடிச்சுக்கோடா, ஒண்ணும் பண்ணாது. சீட்டு வாங்கிண்டுதானே வந்திருக்கோம்.” அவன் பிடித்திருந்தது கன்றின் காது.

நிழல் என்று இருப்பது தீவன வண்டியின் அடி மட்டும். கன்று அங்கே போய் ஒதுங்குகிறது. வாலைப் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். மறுபடி ஒதுங்குகிறது. ஒரு முயல் கை மாறி மாறிப் போய்க் கடைசியில் மண்ணில் அசையாமல் கிடந்தது. “தூங்குது,” என்றது ஒரு குழந்தை. கண் திறந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். நெஞ்சு அப்படி அடித்துக்கொள்கிறது.

தண்ணீர்த் தொட்டி எங்கே என்று மு.விடம் கேட்டேன்.

“காலைல ஒரு தபா, கட சாத்தினப்புறம் ஒரு தபா. நடுவுல காட்டினா தரையெல்லாம் சேறாப் பூடும், பசங்க துணி பாழாவும்னு மேனேஜரு ஆர்டர்மா.”

கறுப்புக் குட்டி என் முன்னால் வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தமே கேட்கவில்லை. இடது காதும் போகிறதோ? பஸ்ஸில் வழி நெடுக அதே பயம். கண்டக்டர் எங்கே இறங்கணும் என்றது மட்டும் காதில் விழுந்தது.

டிசம்பர் 21, சனி

மனசு கேட்காமல் மு.விடமே கேட்டேன், குட்டி பலமாகக் கத்துகிறதா என்று. ஒரு மாதிரி பார்த்தார்.

“எங்கமா கத்துது? ஆயிகிட்டேருந்து பிரிச்சி இட்டாந்த நாள்லேருந்து கத்திகினே இருந்திச்சி. தொண்ட பூட்ச்சி. இப்ப வெறும் வாய்தான்.”

என் காதுக்கு ஒன்றும் இல்லை என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. அப்புறம்தான் குட்டியைப் பார்த்தேன். மறுபடியும் வாயைத் திறந்துகொண்டிருந்தது. எதிரே ஒரு சிறுமி அதற்கு முறுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

மேனேஜரிடம் போனேன். மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார். மத்தியானம் ஒரு மணி நேரம் தொழுவத்தை மூடித் தண்ணீர் காட்டலாம், மேலே ஒரு சாக்கு கட்டினால் நிழல் என்றேன்.

“ஜனம் வர்ற நேரத்துல மூடறதுக்கா கார்னிவல் போட்டுக்கினு இருக்கோம்? டீச்சரம்மா, நீங்க சீட்டைப் பாருங்க. ஆட்டை முனுசாமி பாத்துப்பான்.”

வாங்க வேண்டியது: தீப்பெட்டி, சீயக்காய், நூல்கண்டு.

டிசம்பர் 22, ஞாயிறு

காலைப் பூசை. குடில் கட்டிவிட்டார்கள். மண் பொம்மை மாட்டுக்குப் புது வைக்கோல்.

கோவில் வாசலில் பெண்கள், “கார்னிவல்ல வேலையாமே?” என்றார்கள். ஆமாம் என்றேன். மேற்கொண்டு கேட்பார்கள் என்று நின்றேன். பேச்சு புதுப் புடவைக்குப் போய்விட்டது.

டிசம்பர் 25, புதன். கிறிஸ்மஸ்

படுப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

கார்னிவலில் இன்றைக்கு மாதிரி கூட்டம் வந்ததில்லை. ஆளுக்கு ஆள் கேக், முறுக்கு, சுண்டல் ஊட்டினார்கள். மூன்று மணி சுமாருக்குக் கறுப்புக் குட்டி சாய்ந்து விழுந்தது. வயிறு ஒரு பக்கம் உப்பிக் கல் மாதிரி. கால்கள் விறைத்துக்கொண்டன. ஒரு தகப்பனார் மு.விடம், “இன்னாப்பா, படுத்துக்கினு கீது. எழுப்பிவுடு, கொழந்த பாக்கணும்,” என்றார். மு. தூக்கி நிறுத்தக் குனிந்தார்.

வாசல் மூங்கிலைக் குறுக்கே இழுத்துப் போட்டேன். என் தொண்டையிலிருந்து பள்ளிக்கூடத்துக் குரல் வந்தது. எத்தனை நாளாயிற்று.

“தொழுவம் ஒரு மணி நேரம் மூடியிருக்கு. குழந்தைகள் எல்லாரும் வரிசையா நில்லுங்க.”

நின்றார்கள். பெரியவர்களும் நின்றார்கள். குழந்தைகளை ராட்டினத்துப் பக்கக் குழாய்க்கு அனுப்பினேன். டப்பா, குவளை, சோடாக்கடை வாளி, கிடைத்ததில் எல்லாம் தண்ணீர் வந்தது. கழுதை வாளிக்குள் முகத்தை விட்டது, எடுக்கவே இல்லை. சிவப்புக் கவுன் போட்ட பெண் என் பக்கத்தில் வந்து, “காலைலேருந்து குடிக்கலையா? நாங்க வெளையாடிக்கினே இருந்தோமே,” என்றாள்.

மு. பலகாரக் கடையில் நல்லெண்ணெய் வாங்கி வந்து, கொட்டாங்கச்சியால் குட்டியின் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். நான் மண்டியிட்டு வயிற்றைத் தேய்த்தேன். மேனேஜர் வந்து கத்தினார். அவர் நின்றது என் வலது பக்கம். கத்துகிறார் என்று தெரிந்தது, என்ன என்று தெரியவில்லை. திரும்பாமல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

குட்டி ஏப்பம் விட்டது. சகிக்க முடியாத நாற்றம். எல்லாரும் சிரித்தார்கள். மறுபடி ஒன்று. அப்புறம் முன்னங்காலை ஊன்றி எழுந்தது.

அதன் பிறகுதான் இடது காதைத் திருப்பினேன்.

“நாளைலேருந்து நீங்க வர வேணாம்மா.”

வீட்டு வாசற்படியில் ஒரு தட்டு, மேலே துணி மூடி. பக்கத்து வீட்டுக் கேக். நான் வராததால் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு துண்டு.

டிசம்பர் 28, சனி

தூறல். வெளியே போகவில்லை. ரவிக்கை ஒன்று தைத்தேன். உள்ளங்கையில் எண்ணெய், ஆட்டு வாசனை இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்க்க எடுத்து, தேய்க்காமல் வைத்துவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

கார்னிவல் கடைசி நாள். பூசை முடிந்து, சாப்பிட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

தொழுவ வாசலில் புதுப் பலகை: ‘மாலை நான்கு மணிக்குப் பிராணிகள் தண்ணீர் குடிக்கும் காட்சி. தனிச் சீட்டு.’ மேலே சாக்கு கட்டியிருக்கிறார்கள். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். கோபமா, சந்தோஷமா, தெரியவில்லை.

வாசலில் ஒரு சின்னப் பெண். “கொழந்த எங்கம்மா?” என்றாள்.

“குழந்தை இல்லை. நான் மட்டும்தான்.”

யோசித்தாள். பிறகு சீட்டைக் கிழித்தாள்.

மு. ஓடி வந்தார். “அன்னிக்கி ஜனம் நின்னு பாத்துச்சில்ல, அத மேனேஜரு கவனிச்சிகினு இருந்தாரு. அதுக்கு மக்யா நாளே பலகை. இனிமே எந்த ஊருக்குப் போனாலும் தண்ணி உண்டுமா. நாளைக்கி வேலூருக்கு லாரி.”

“நீங்களும் போறீங்களா?”

“நான் இல்லாங்காட்டி யாருமா பாக்கறது?”

நான்கு மணி. மணி அடித்தார்கள். கூட்டம் கயிற்றோரம் நெருக்கியது. தொட்டி நிறையத் தண்ணீர். கன்று, ஆடுகள், நடுவில் நுழைந்து கறுப்புக் குட்டி. நான் கயிற்றருகே குனிந்து நாக்கைத் தட்டிக் கூப்பிட்டேன். தலை தூக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன்.

பக்கத்தில் இருந்த அம்மாள், “உங்களண்ட வராதுபோல கீதே,” என்றாள்.

வேண்டாம், குடிக்கட்டும் என்றேன்.