முதல் குறையக் கூடாது

மொன்ட்ரியால்-நோர்,
18 நவம்பர் 2007, ஞாயிற்றுக்கிழமை

ஜென்சியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். ரொறொன்ரோவில் எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று உங்கள் கூட்டாளி சண்முகலிங்கம் அண்ணை சொல்ல மாட்டேன் என்கிறார். "ஆள் இருக்கிறார், சாப்பிடுறார். அவ்வளவுதான் சொல்லுவன் தங்கச்சி, மிச்சத்தைக் கேக்காதையுங்கோ, வாக்குக் குடுத்திட்டன்" என்றார். கடிதம் எழுதினால் உங்கள் கையில் கொடுப்பதாக மட்டும் ஒப்புக்கொண்டார். நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் ஃபோனை வைத்துவிட்டுக் குசினித் தரையில் இருந்து அழுதேன். நீங்கள் போன இந்த மூன்று கிழமையும் மெற்றோ வரும்போதெல்லாம், இப்படி ஒன்றின் முன்னால் பாய்ந்திருப்பீர்களோ என்று நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

ஜென்சிக்கு முதல் தவணை ரிப்போர்ட் வந்தது. கணக்கில் தொண்ணூற்றிரண்டு. அதை நீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றாள். நான் உடனே சிரிக்கவில்லை. அது என் பிழை. அப்பா ரொறொன்ரோவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தலையாட்டினாள், நம்பவில்லை. காலையில் கார்டெரியில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறேன். பின்னேரம் லொங்குய்யில் ஒரு ஒஃபிசில் துப்புரவு வேலை எடுத்திருக்கிறேன். நான் வரும்வரை மேல்வீட்டுக் குணேஸ்வரி அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறா. அவ ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதிலேயே அவவுக்கு எல்லாம் தெரியும் என்று விளங்குகிறது.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன். நடுவில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

கோயிலில் எல்லாரும் உங்களைச் சூதாடி என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. நீங்கள் குடித்துவிட்டு விளையாடவில்லை. கோபத்தில் விளையாடவில்லை. சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் இரண்டு மாதம் வேலை நிறுத்தி வைத்தபோது, ஜென்சிக்கு வாங்கிய கொம்பியூட்டரில் அந்த ரூலெற் சூதாட்டத் தளத்தைக் கண்டீர்கள். கண்ட அன்றைக்கே காசு போடவில்லை. மூன்று கிழமை கொப்பியில்தான் விளையாடினீர்கள். சக்கரத்தில் விழும் நிறத்தை நான் வாசிக்க, நீங்கள் எழுதினீர்கள். சிவப்பில் ஒரு டொலர் வை, தோற்றால் இரண்டு, பிறகும் தோற்றால் நாலு, பிறகு எட்டு. எப்போதாவது ஒருமுறை சிவப்பு விழத்தானே வேண்டும், விழுந்தால் தோற்றதெல்லாம் திரும்பி வந்து மேலே ஒரு டொலர் நிற்கும். "இது அதிர்ஷ்டமில்லை அக்னெஸ், வெறும் பெருக்கல்" என்றீர்கள். மன்னாரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த மனிதர் சொல்லும்போது நான் எப்படி நம்பாமல் இருப்பேன்?

விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினீர்கள். விளையாட்டுக்கென்று ஒதுக்கிய கைமுதல் இரண்டாயிரம் டொலர். ஒரு நாளில் அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தோற்கக் கூடாது. பத்து டொலர் வந்ததும் எழும்பிவிட வேண்டும். முதல் குறைந்தால் அதை நிரப்பாமல் அடுத்த ஆட்டம் தொடங்கக் கூடாது. தைமாதம் முதல் ஈஸ்டர் வரை ஒவ்வொரு நாளும் பத்து டொலர் வந்தது. அந்தக் காசில் ஜென்சிக்கு ஸ்னோ சப்பாத்து வாங்கினோம்.

இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் ஒருநாளும் எனக்கு எதிராகச் சொன்னதில்லை. ஈஸ்டர் முடிந்த கிழமை லொங்குய்யில் அந்தச் சின்னத் தோட்டம் வைத்த வீட்டை விலைக்குப் பார்த்துவிட்டு வந்தோமே. பஸ்ஸில் நான்தான் கேட்டேன்: "ஒரு டொலரிலை தொடங்கினால் பத்து வருதெண்டால், அஞ்சிலை தொடங்கினால் அம்பது வருமெல்லோ?" நீங்கள் யன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள். அடுத்த நாள் ஐந்தில் தொடங்கினீர்கள்.

பத்தாம் நாள் கறுப்பு ஏழு தரம் தொடர்ந்து விழுந்தது. அறுநூற்று முப்பத்தைந்து டொலர் போனது. எட்டாவதாக அறுநூற்று நாற்பது வைக்க வேண்டும், அந்த மேசையில் ஐந்நூறுக்கு மேல் வைக்க விடமாட்டார்கள். நீங்கள் அமைதியாக, விதி உடையவில்லை, இழப்பு மூன்றிலொரு பங்குக்குள்தான் நிற்கிறது என்றீர்கள். எனக்கும் அது ஆறுதலாக இருந்தது. மேசைதான் சின்னது, முதல்தான் சின்னது என்று இருவருமே நினைத்தோம். வீட்டுக்குச் சேர்த்ததில் பத்தாயிரத்தை முதலாக்கி, பெரிய மேசையில் இருபத்தைந்தில் தொடங்கினீர்கள். மறுபடி ஒரு ஏழு, மூவாயிரத்துச் சொச்சம் போனது. அப்போதும் விதி உடையவில்லை. முதலை நிரப்பினீர்கள். ஆவணியில் நிரப்ப எங்கள் காசு இருக்கவில்லை. என் தம்பி ஹென்றியின் ஆறாயிரம்தான் இருந்தது.

அவன் கொழும்பு லொட்ஜில் இருந்து காத்துக்கொண்டிருந்தான். வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டுவதற்காக அம்மா காணி விற்று, எங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கட்டும் என்று போட்ட காசு. ஒரு கிழமையில் திருப்பி வைத்துவிடலாம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மறித்திருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறித்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

காசு வராததால் லொட்ஜ் வாடகை கட்ட வழியில்லாமல் ஹென்றி ஊருக்குத் திரும்பினான். பிறகு சண்டை மூண்டு பாதையை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஷெல் குண்டு விழுகிறது என்று அம்மா ஃபோன் எடுத்துச் சொன்ன அன்றுதான் நான் வங்கிப் புத்தகத்தைப் பார்த்தேன். பிறகு நான் உங்களுக்குச் சொன்னது: "என்ரை தம்பியை நீங்கள்தான் கொன்றனீங்கள்." அடுத்த நாள் பூசை முடிந்து வரும்போது உங்கள் குளிர்ச் சட்டை கொழுவியில் இல்லை.

ஹென்றி செத்துவிட்டான் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. செஞ்சிலுவைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு ஃபோன் எடுக்கிறேன், லைன் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது எனக்குச் சின்ன நிம்மதி வருகிறது. என்ன பிறவி நான்.

இன்னொன்றும் இருக்கிறது, சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாதது. நீங்கள் போன நாலாம் நாள் கொம்பியூட்டரைத் திறந்தேன். அந்தத் தளத்தில் உங்கள் பெயரில் இருநூற்றுப் பன்னிரண்டு டொலர் மிச்சம் இருந்தது. ஹென்றியின் காசைத் திரும்ப எடுக்கலாம் என்று நானே விளையாடினேன். சுவரில் இருந்த விதிப்படி, ஒரு டொலரில் தொடங்கி. பகல் இரண்டு மணி, வெளியில் நல்ல வெயில். பத்து டொலர் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, ஜென்சியின் அப்பா. தம்பி எங்கே என்று தெரியாது, நீங்கள் எங்கே என்று தெரியாது, நான் தனிய இருந்து சிரித்தேன். அந்த நிமிடம்தான் நீங்கள் என்ன பட்டிருப்பீர்கள் என்று விளங்கியது. அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் ஏழு கறுப்பு விழுந்தது, எட்டாவதுக்கு வைக்கக் காசு போதவில்லை. மிச்சத்தையும் அப்படியே வைத்து முடித்தேன்.

அதற்குப் பிறகு உங்கள் கொப்பியை முதலிலிருந்து வாசித்தேன். கூட்டல் கழித்தலில் ஓரிடத்திலும் பிழை இல்லை. நீங்கள் விதியை மீறியிருந்தால் உங்களைத் திட்டியிருக்கலாம், இனி மீறாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் மீறவே இல்லை. ஏழு தரம் தொடர்ந்து விழுவது எப்போதாவது நடக்கும் என்று நாங்கள் நினைத்தோம். சிவப்பு விழும்வரை ஓர் ஆட்டம் என்று கொப்பியை எண்ணிப் பார்த்தால் அது நூறு ஆட்டத்துக்கு ஒருமுறை வருகிறது. நீங்கள் பத்து நாளில் நூறு ஆட்டம் விளையாடினீர்கள். ஒரு டொலர் ஒரு டொலராகச் சேர்த்ததையெல்லாம் அந்த ஒரு நாள் வந்து அள்ளிக்கொண்டு போகும். உங்களுக்கு அது முதலே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே இருந்ததா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

கொம்பியூட்டரை விற்றுவிட்டேன். பிள்ளை நூலகத்தில் போய் வீட்டுப்பாடம் செய்கிறாள். வீட்டுக்காரருக்கு இந்த மாதம் பாதிதான் கொடுத்தேன், மீதிக்குத் தவணை கேட்டிருக்கிறேன். இதையெல்லாம் நீங்கள் வந்து சரியாக்குவீர்கள் என்று எழுதவில்லை. யாராலும் சரியாக்க முடியாது. ஹென்றிக்கு என்ன நடந்திருந்தாலும் அந்தச் செய்தியை நான் தனிய இருந்து கேட்க முடியாது. அது வரும் நாளில் பக்கத்தில் இருக்கக்கூடியவர், அதில் பாதியைச் சுமக்கக்கூடியவர், உலகத்தில் நீங்கள் ஒருவர்தான்.

நான் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. மாதா உங்களைக் கைவிடாமல் வைத்திருக்கட்டும்.

உறைக்குள் ரொறொன்ரோவிலிருந்து மொன்ட்ரியாலுக்கு ஒரு பஸ் ரிக்கற் வைத்திருக்கிறேன். காசாக அனுப்பவில்லை, கோபிக்காதீர்கள். அதில் திகதி இல்லை. எந்த நாளும் ஏறலாம்.

இப்படிக்கு,
அக்னெஸ்