வெயிலில் காயப்போட்ட படை

பண்ணைக்காடு
ஞாயிறு, பூசை முடிந்து

பாசமுள்ள டெனிஸ் அண்ணனுக்கு,

உன் தங்கை ஆக்ஸிலியா எழுதுவது. இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், ஆடுகளும் சுகம். பனிதான் இந்தத் தையில் போக மனமில்லாமல் நிற்கிறது. வெயில் ஏறிய பிறகுதான் எதிர்வீடே தெரிகிறது. திருப்பூரில் இப்போதே புழுங்குகிறது என்று சிவமுருகன் அண்ணன் சொன்னார். உன் உடம்பை மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல்வாய். "என்னடி ஆக்ஸி" என்பாய். "ஒன்னுமில்லண்ணே" என்பேன். அத்தோடு நம் பேச்சு முடிந்துவிடும். வகுப்பில் பேர் கூப்பிட்டாலே எழுந்து நின்று வாய் திறக்காமல் உட்கார்ந்தவள் நான். பேனா பிடித்தால் மட்டும் கொஞ்சம் வருகிறது. சிவமுருகன் அண்ணன் பொங்கல் லீவு முடிந்து நாளை உங்கள் ஊருக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். வழியில் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும்.

நான் கூட்டித் துடைக்கப் போகும் காட்டேஜ் பற்றி அம்மா சொல்லியிருப்பாள். தாண்டிக்குடி ரோட்டில், காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும் ஓட்டு வீடு. இந்த மாதம் அங்கே சென்னையிலிருந்து சுகன்யா அக்கா என்பவர் தனியாகத் தங்கியிருக்கிறார். கதைப் புத்தகம் எழுதுகிறார். கதையில் ஒரு நாடு. அந்த நாட்டுப் படை முழுவதும் ஒரே மத்தியானத்தில் அழிந்துபோகிறது. அந்த மத்தியானத்தை எழுத வராமல்தான் மலை ஏறி வந்திருக்கிறார். நாட்டுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. "தோக்கப்போற நாட்டுக்கு நல்ல பேரா வச்சா மனசு கேக்காது ஆக்ஸி" என்று சிரித்தார்.

இல்லாத படையின் தோல்வியை எழுதுவதற்காக, நிஜமாகத் தோற்ற படைகளைப் பற்றி நாளெல்லாம் படிக்கிறார். படித்ததைச் சாப்பாட்டு மேசையில் செய்து பார்க்கிறார். மேசை மேல் பச்சைப் போர்வை. அதன் குறுக்கே நீலத் துப்பட்டாவை மடித்துப் போட்டால் ஆறு. தோட்டத்துக் குடோனிலிருந்து காப்பிக்கொட்டையும் மிளகும் வாங்கி வந்து, கொட்டை ஒரு படை, மிளகு ஒரு படை என்று வரிசை வரிசையாக அடுக்கியிருந்தார். நான் துடைக்கும் துணியோடு ஓரமாக நின்று பார்ப்பேன்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் கன்னே என்ற இடத்தில் நடந்த சண்டையாம் அது. ரோமாபுரிக்காரர்களின் படைதான் பெரியது, அதனால் அவர்கள் காப்பிக்கொட்டை. எதிரில் ஹன்னிபால் என்ற தளபதியின் படை, மிளகு. மிளகு நடுவில் பின்வாங்குவது போல் வளைந்து கொடுத்தது. கொட்டை ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே உள்ளே போனது. அதற்குள் இரண்டு பக்கமும் பின்னாலும் மிளகு வந்து மூடிக்கொண்டது. கடைசியில் கத்தியை ஓங்கக்கூட இடமில்லாமல் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நின்றார்களாம். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா இதைச் சொல்லும்போது வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எனக்கு அந்த மேசையே எங்கோ மிதப்பது போல் இருந்தது.

வியாழக்கிழமை நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். அக்கா காலையில் நடக்கப் போயிருந்தார். ஜன்னல் திறந்தே கிடந்ததால் பனி உள்ளே வந்து போர்வையெல்லாம் நனைந்திருந்தது. ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தேன், பிசுபிசு என்று இருந்தது. காப்பி காயப்போட்டு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் பார்த்த பிறகு வேறு நினைப்பு வருமா? இன்னும் ஒருநாள் விட்டால் பூசணம் பிடித்துவிடும். அந்த நேரம் பார்த்து வாசலில் வெயில் விழுந்தது. கை தானாகப் போனது அண்ணே. போர்வையின் நாலு மூலையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய், சாக்கை விரித்துக் கொட்டி, காலால் துழாவிப் பரப்பியும் விட்டேன். கொட்டையும் மிளகும் கலந்துவிட்டன. காய்ந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

"ஆக்ஸி, என் ரோம் எங்க?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"வெயில்ல கெடக்குக்கா" என்றேன்.

அக்காவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. எத்தனை நாள் உட்கார்ந்து அடுக்கியது, இன்னும் படம்கூட எடுக்கவில்லை, யாரைக் கேட்டுத் தொட்டாய் என்றார். "படிச்ச பிள்ளையா இருந்தா தொட்டிருக்குமா?" என்று ஒரு வார்த்தையும் வந்துவிட்டது. சொன்னதும் அவர் முகமே சுருங்கிப்போனது. நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் அவர் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். சாக்கில் இரண்டு படையும் ஒன்றாகக் கிடந்தன. வெயில் பட்டு லேசாக ஆவி வந்தது. அவர் ஒரு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டியபடி, "இவன் செத்தவனா, பிழைச்சவனா?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "பிழைச்சவங்க வீட்டுக்குப் போனாங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை நான்.

போகவில்லையாம். தப்பித்து வந்த சிப்பாய்களை ரோமாபுரி வீட்டுக்கு விடவில்லை. சிசிலி என்ற தீவுக்கு அனுப்பிவிட்டது. சண்டை முழுவதும் முடியும்வரை ஊர்ப்பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. தோற்ற முகத்தை யாரும் பார்க்க விரும்பவில்லை. ஆனால் அந்தப் படையை நடத்திக்கொண்டு போன தலைவர்களில் ஒருவரும் தப்பித்துத் திரும்பினார். அவரை மட்டும் ஊர்ச்சனம் எதிர்கொண்டு போய் வரவேற்றதாம். நம்பிக்கை விடாமல் திரும்பி வந்தாயே என்று நன்றியும் சொன்னதாம். "ஒரே ஊருதான் ரெண்டும் செஞ்சுச்சு" என்றார் அக்கா. "கூட்டிட்டுப் போனவனுக்கு நன்றி, கூடப் போனவனுக்குத் தீவு."

அன்று சாயங்காலம் தோட்டத்து ஜீப்பில் வீடு திரும்பும்போது கண் அசந்துவிட்டது. கனவில் பெரும்பாறை ரோட்டில் ஒரு படை வந்தது. பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். செருப்பில்லாத கால்கள். காலடிச் சத்தமே இல்லை, ஈரக் காப்பி வாசம் மட்டும் வந்தது. ஒரு வீட்டு வேலி வந்த இடத்தில் ஒருவன் நின்று உள்ளே போனான், அடுத்த வீட்டு வேலியில் இன்னொருவன். யாரும் யாரிடமும் விடைபெறவில்லை. படை சிறுத்துக்கொண்டே வந்தது. நம் வீட்டு முனைக்கு வந்தபோது ரோடு காலியாக இருந்தது. யார் அந்தக் கடைசி வளைவில் நின்றுவிட்டது என்று எட்டிப் பார்ப்பதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார்.

அண்ணே, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

பட்டாளத்துக்கு ஆள் எடுத்த அந்த முகாமில் நீ ஓட்டத்தின் நாலாவது சுற்றில் இருக்கும்போதே, நேரம் முடிந்தது என்று குறுக்கே கயிற்றைப் போட்டுவிட்டார்கள் என்று உன்னோடு ஓடியவர்கள் வந்து சொன்னார்கள். விடியுமுன் பனிக்குள் ஓடிப் பழகியவனைக் கீழ்நாட்டு வெயில் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ அங்கிருந்தே திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டாய். உன் துணிப்பைகூட வீட்டுக்கு வரவில்லை.

இங்கே அப்பா செய்து வைத்திருந்த வேலைதான் உனக்குத் தெரியுமே. நீ முகாமுக்குக் கிளம்பிய அன்றே ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டார். "எல்லை காக்கப் புறப்பட்டது எங்கள் சிங்கம்." யாரோ ஒரு சிப்பாயின் உடம்பில் உன் தலையை ஒட்டியிருந்தார்கள். உன் கழுத்துக்கும் அவன் தோளுக்கும் நிறமே சேரவில்லை. ஆள் தோற்றுப்போன பிறகும் அது பஸ் ஸ்டாண்டில் சல்யூட் அடித்துக்கொண்டு நின்றது. டீக்கடை மணியன், "என்ன ஜெபதுரை, மிலிட்டரிக்காரர் எப்ப லீவுல வர்றாரு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா நேராகப் போய் அதை அவிழ்த்துவந்தார். இப்போது அது ஆட்டுக்கொட்டகைக் கூரையாக இருக்கிறது. படம் உள்பக்கம். ஆடு அண்ணாந்தால் நீ சல்யூட் அடிக்கிறாய். முதலில் எனக்கு அழுகை வந்தது, இப்போது சிரிப்புதான் வருகிறது. நீயும் ஒருநாள் சிரிப்பாய்.

"ஜெயிச்சுட்டுத்தான் மலை ஏறுவேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அம்மா அதை நம்பி அடுத்த முகாமுக்கு வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கிறாள். உனக்கு வயது தாண்டிவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இனி அந்தக் கயிற்றை நீ தாண்ட முடியாது. அப்படியானால் நீ சொன்னதற்கு என்ன அர்த்தம்? ரோமாபுரிச் சிப்பாய்களுக்காவது ஒரு உத்தரவு இருந்தது. உன்னை யாரும் தடுக்கவில்லை. நீயே பனியன் கம்பெனியைத் தீவாக்கி உட்கார்ந்திருக்கிறாய்.

நம் ஊர் ஒன்றும் கேட்காது என்று பொய் சொல்ல மாட்டேன். மணியன் கேட்பார். கோயில் வாசலில் கேட்பார்கள். "வந்துட்டாரு பட்டாளம்" என்று யாராவது சிரிப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் யாருடைய பெண்ணாவது யாரோடாவது ஓடிப்போவாள், உன்னை விட்டுவிடுவார்கள்.

நேற்று சுகன்யா அக்கா இன்னொரு தோல்வியைச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் காபூலிலிருந்து ஒரு பெரிய படை பனிமலை வழியாகப் பின்வாங்கியது. அதில் நம் நாட்டுச் சிப்பாய்கள்தான் அதிகம். குளிரிலும் சண்டையிலும் வழியெல்லாம் விழுந்துவிட்டார்கள். அவர்கள் போய்ச் சேர வேண்டிய ஜலாலாபாத் கோட்டையில் இருந்தவர்களுக்கு இது தெரிந்ததும், வாசலில் உயரமாக விளக்கு ஏற்றிவைத்து விடாமல் ஊதுகொம்பு ஊதினார்களாம். இருட்டில் வழி தெரியாமல் யாராவது அலைந்தால் வந்து சேரட்டும் என்று. பல நாள் ஊதியும் ஏறக்குறைய யாரும் வரவில்லை. அக்கா அதோடு நிறுத்திவிட்டு எழுதப் போய்விட்டார். எனக்கு அந்தக் கொம்பு ஊதியவன் நினைப்பாகவே இருக்கிறது. நெஞ்சில் மூச்சு இருக்கிறவரை ஊதியிருப்பான்.

அப்பா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சவாரி இருக்கிறதோ இல்லையோ, சாயங்காலம் ஜீப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறார். கடைசி பஸ் வளைவு திரும்பும்போது முன்விளக்கைப் போட்டு நிற்கிறார். "ஏலே, மாப்பிள்ளை அழைப்பா நடக்கு, லைட்டடிச்சு நிக்கிற?" என்று மணியன் கேட்டதற்கு, "பேட்டரி எறங்கிப்போச்சுலே, போட்டுப் பாக்குறேன்" என்றாராம். பேட்டரி போன மாதம்தான் புதிதாக மாற்றியது.

இதை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார். உன்னைப் போலத்தான் அவரும். நானும் நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

வரும்போது எதுவும் ஜெயித்துக்கொண்டு வர வேண்டாம். உன் துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வா. அம்மாவிடம் வயது விஷயத்தை நாம் இரண்டு பேருமாகச் சொல்லிக்கொள்ளலாம். நான் பக்கத்தில் நிற்கிறேன், பேசுவது நீ.

மாதா உன் காலுக்கு வழி காட்டட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும் தங்கை,
ஆக்ஸிலியா

பி.கு.: உறை ஒட்டும்போது அப்பா வந்து யாருக்கு என்று கேட்டார். உனக்கு என்றேன். அவர் சார்பில் ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வத்தலக்குண்டுல கடைசி பஸ்ஸ இப்ப அர மணி முன்னாலயே எடுத்துர்றாங்க. அவனுக்குத் தெரியாதுல்ல. வெள்ளனே வந்து ஏறிக்கிடச் சொல்லு."