ஆட்டுத்தலையை அறுத்தவள்

என் மகளின் அப்பாவுக்கு,

நகரத்து அலுவலக நாற்காலி வசதியாக இருக்கிறதா? இங்கே எண்ணெய்க் கிணறுகள் மறுபடியும் நின்றுவிட்டன. சங்கம் அறிவிக்கவில்லை, நாங்களே நிறுத்தினோம்.

நேற்று மேலாளர் விருந்து வைத்தார். போன வேலைநிறுத்தத்தில் உங்களுக்கு வைத்த அதே விருந்து. நம் வழக்கப்படி விருந்தின் தலைமையானவருக்குத் தரும் அவித்த ஆட்டுத்தலையை விரிப்பின் நடுவில் வைத்து, "உங்க தலைவர் யாருப்பா? மரியாதைய ஏத்துக்கிட்டுப் பேசட்டும்" என்றார்.

ஒருவரும் கை நீட்டவில்லை. கிணறு துளைக்கும் தொழிலாளி பெய்புத் மட்டும் சிரித்தான். "போன தடவை ஒருத்தர் வாங்கிக்கிட்டாரு. அவரு நகரத்துக்குப் போனாரு, நாங்க கிணத்துக்குத் திரும்பினோம்."

சமையல்காரியான என் கையில் கத்தி இருந்தது. நானே தலையை அறுத்தேன்.

"என்னம்மா பண்றே? பெரியவங்க அறுக்கறது அது!" என்று மேலாளர் பதறினார்.

"இன்னைக்கு இங்க எல்லாரும் பெரியவங்கதான், ஐயா."

ஆளுக்கொரு துணுக்கு கொடுத்தேன். தின்றவர்கள் எல்லோரும் பேசினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இன்றும் கிணறுகள் ஓடவில்லை, ஓட விடவும் மாட்டோம்.

நீங்களும் வரலாம். காதை மட்டும் உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். நம் வீட்டில் அதைக் குழந்தைகளுக்குத்தான் கொடுப்போம், சொன்னதைக் கேட்டு வளரட்டும் என்று.

இங்கேயே நிற்கும்,
உங்கள் மனைவி