பத்தாவது ஆள்

அன்புள்ள லோகேஸ்வரிக்கு,

உன் மூட்டு வலி குறைந்ததா? நான் நலம், முதுகுதான் பஸ் சீட்டின் வடிவத்துக்கே வந்துவிட்டது.

கிள்ளானிலிருந்து பாலம் தாண்டித் தீவுக்கு நான் ஓட்டும் மதிய பஸ்ஸில் தினமும் பத்துப் பேராவது ஏறாவிட்டால் அதை நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தினால் நீ இருக்கும் தைப்பிங்குக்கு நாம் கேட்டிருந்த மாற்றல் எனக்குக் கிடைத்துவிடும். தீவுக்காரர்களோ வேலையில்லாவிட்டாலும் ஏறி, பயணக் கார்டை மெஷினில் தட்டிவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறார்கள்.

கணக்கெடுப்பின் கடைசி நாளான நேற்று ஒன்பது பேர்தான் ஏறினார்கள். தீவுக்குத் திரும்பும் சிவகாமி ஆன்டி என்னையே பார்த்தார். "ஒரு ஆளு கொறையுது தம்பி. இனிமே கிளினிக்குக்கு எப்படிலா போறது?"

எலுமிச்சை ஊறுகாய் அனுப்பு. உன் தலையணை உறை ஒன்றையும் துவைக்காமலே அனுப்பு.

பஸ் எடுக்க நேரமாகிவிட்டது. கோபப்படாதே, லோகேஸ். நேற்று பத்தாவதாக என் கார்டைத் தட்டிவிட்டேன்.

உன்
கமலநாதன்