சித்தூரில் படித்தது செல்லுமா?

பெருநகர் (உத்திரமேரூர் வழி)
14.6.1979

அன்புமிக்க சம்பந்தி பாண்டுரங்கன் அவர்களுக்கு,

பெருநகர் வேதாசலம் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே மனிதர், மாடு, மோட்டார் பம்பு எல்லாம் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் சின்னப் பெண்கள் இருவரும் சுகமென்று நம்புகிறேன். அரிசி மண்டியும் சுகமாகத்தான் இருக்கும். மண்டி வைத்தவர் என்றைக்கு நஷ்டப்பட்டிருக்கிறார்? கல்யாணச் சாப்பாட்டை எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் புகழ்கிறார்கள். ரசத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. அது எங்கள் பக்கத்து மரியாதை.

சொர்ணவாரிப் பட்டத்து நெல் கதிர் பிடித்திருக்கிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கரண்ட்டுதான் இருப்பதில்லை. உங்கள் மாப்பிள்ளை ராஜாராம் உத்திரமேரூர் கூட்டுறவு வங்கி வேலைக்குத் தவறாமல் போய் வருகிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வரப்பில் நம் அம்முலு ஒரு பூண்டைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள். களை எடுக்கக் கற்றுக்கொள்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். கிட்டப் போனால், அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, அதன் பூவுக்குள் என்னென்ன இருக்கிறது என்று எனக்குக் காட்டினாள். நாற்பது வருஷமாக நான் காலால் மிதித்த பூண்டு அது. சித்தூர்க் கல்லூரியில் தாவரவியல் இரண்டு வருஷம் படித்தவள் அல்லவா! மூன்றாவது வருஷத்தையும் முடிக்க ஆசையா என்று கேட்டேன். 'அது போச்சி மாமா, வுடுங்க' என்றாள். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ராஜாராம் காஞ்சிபுரத்துக் கல்லூரியில் விசாரித்தான். மூன்றாம் வருஷத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். ஆனால் அவள் படித்தது வேறு மாநிலம், வேறு பல்கலைக்கழகம். அந்த இரண்டு வருஷம் இங்கே செல்லும் என்று சென்னையிலிருக்கும் பல்கலைக்கழகம் எழுத்தில் கொடுத்தால்தான் சேர்ப்பார்களாம். படித்தது படித்ததுதானே, இதில் செல்லுபடி என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். ஊருக்கு ஊர் படி வேறாகத்தான் இருக்கிறது. உங்கள் மண்டியில் மட்டும் வெளியூர்ப் படியை அப்படியே ஒப்புக்கொள்வீர்களா? அளந்து பார்க்கத்தானே செய்வீர்கள்.

அளப்பதற்கு அவர்களுக்கு வேண்டியது இவை: மதிப்பெண் சான்றிதழ், அது அம்முலுவிடம் இருக்கிறது. மைக்ரேஷன் சர்டிபிகேட், அதாவது வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று உங்கள் பக்கத்தில் கொடுக்கும் தாள். அப்புறம் இரண்டு வருஷத்துப் பாடத்திட்டம் முழுவதும், பக்கத்துக்குப் பக்கம் பிரின்சிபால் முத்திரையோடு. பின்னவை இரண்டையும் தாங்கள்தான் வாங்கி அனுப்ப வேண்டும். ஜூலை முடிவதற்குள் எல்லாம் நடக்க வேண்டும். இரண்டு வருஷமும் முழுதாகச் செல்லாமல், மறுபடி இரண்டாம் வருஷம் உட்கார் என்று சொன்னால் வேண்டவே வேண்டாம் என்று அம்முலு தீர்மானமாக இருக்கிறாள். படித்ததையே படிக்க அவளுக்கு மனமில்லை. ஆகவே இது கிடைத்தால் பட்டம், கிடைக்காவிட்டால் அத்தோடு படிப்புக்கு முழுக்கு.

நீயே அப்பாவுக்கு எழுதேன் என்றேன். 'நீங்களே எழுதுங்க மாமா' என்று பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். மூன்றாம் வருஷமும் படிக்க வைப்பதாகத் தாங்கள் சொல்லியிருந்ததையும், பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தவளிடம் பூ வைத்தாகிவிட்டது என்று சொன்னதையும் ராஜாராம் எனக்குச் சொன்னான். மூன்று பெண்களைப் பெற்றவரின் அவசரம் எனக்குப் புரிகிறது. அவள் கோபமும் புரிகிறது. நடுவில் நான் தபால்காரன்.

இன்னொன்று. தாங்கள் அடித்த கல்யாணப் பத்திரிகையில் அம்முலு பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. என்று போட்டுவிட்டீர்கள். அச்சில் ஏறியதைப் பொய்யாக்கலாமா? சீக்கிரம் அனுப்புங்கள்.

தங்கள் அன்புள்ள,
வேதாசலம்


பெருநகர்
11.7.1979

அன்புமிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வேதாசலத்தின் வணக்கம். தாங்கள் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பிய மாம்பழக் கூடை வந்து சேர்ந்தது. பழம் தேன். ஆனால் சம்பந்தி, மைக்ரேஷன் சர்டிபிகேட்டையும் பாடத்திட்டத்தையும் கூடைக்கு அடியில் வைத்து அதன்மேல் பழத்தை அடுக்கலாம் என்று தங்களுக்கு யோசனை சொன்னவர் யார்? தபால் செலவு மிச்சம் என்று தாங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். இரண்டு பழம் வழியிலேயே கனிந்து, பிரின்சிபாலின் முத்திரைமேல் அபிஷேகம் ஆகியிருந்தது. என் மனைவி ஆண்டாளம்மாள் ஒவ்வொரு தாளாகக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். தெருவில் போனவர்கள் என்ன துணி இது என்று கேட்டார்கள்.

அம்முலு அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். முத்திரை இல்லாத பக்கம் ஒன்றுகூட இல்லை. 'இதுக்கு எத்தினி நாள் அலைஞ்சாரோ' என்றாள். யார் என்று சொல்லவில்லை. பிறகு கூடையில் இருப்பதிலேயே பெரிய பழமாக எடுத்து, எங்களில் ஒருவருக்கும் ஒரு கீற்றுகூடக் கொடுக்காமல் தானே தின்றாள்.

நானும் அவளும் சென்னைக்குப் போனோம். அலுவலகத்தில் குமாஸ்தா தாள்களை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், பங்கனப்பள்ளியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவர் எங்களை அலையவிடவில்லை. தாவரவியல் பேராசிரியை ஒரு அம்மாள், அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டியவராம். அவரிடமே அழைத்துப் போய்விட்டார்.

அந்த அம்மாள் உங்கள் ஊர்ப் பாடத்திட்டத்தையும் எங்கள் ஊர்ப் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிவப்புப் பென்சிலால் பாடம் பாடமாகக் குறித்துக்கொண்டே போனார். எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லையாம். பெரும்பகுதி ஒத்திருக்கிறதா, அதே அளவு நேரம் வகுப்பு நடந்ததா, பரீட்சையைப் பல்கலைக்கழகமே வைத்ததா, இவற்றைத்தான் பார்ப்பார்களாம். இங்கிலீஷ் செல்லும் என்றார். இரண்டாம் மொழி தெலுங்கு, அதுவும் செல்லும். வேதியியல் செல்லும். விலங்கியலில் அங்கேயும் தவளையைத்தான் அறுத்திருக்கிறார்கள், இங்கேயும் தவளையைத்தான் அறுக்கிறார்கள். தவளை விஷயத்தில் இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கடைசியில் தாவரவியலில் போய் முட்டிக்கொண்டது. புத்தகப் பாடம் செல்லும், செய்முறை செல்லாது என்றார். உங்கள் பக்கம் செய்முறைத் தேர்வை மூன்றாம் வருஷ முடிவில் மொத்தமாக வைக்கிறார்களாம். இங்கே ஒவ்வொரு வருஷமும் உண்டு. எழுதாத பரீட்சைக்கு நான் எப்படி மார்க் கொடுப்பது என்று அந்த அம்மாள் கேட்டார். நியாயம்தான்.  அம்முலு தலை குனியாமல், அந்தப் பரீட்சையை இப்போது வைத்தால் எழுதுகிறேன் என்றாள். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு, இந்த மாதம் இருபதாம் தேதிக்கு மேல் காஞ்சிபுரத்துக் கல்லூரியிலேயே தனியாக வைக்கலாம். உன் ஊரில் முளைக்கும் செடிகளை வேரும் பூவுமாக எடுத்து, உலர்த்தி, தாளில் ஒட்டிக் கொண்டு வர வேண்டும். தேறினால் மூன்றாம் வருஷம், தேறாவிட்டால் மறுபடி இரண்டாம் வருஷம் என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பும்போது தாம்பரத்தில் பஸ் நின்றது. அம்முலு வேர்க்கடலை வேண்டும் என்றாள். வாங்கிக் கொறித்துக்கொண்டே, 'மாமா, நம்ம ஏரிக்கரையில தும்பை கீதா?' என்று கேட்டாள். இருக்கிறதா என்பதற்குக் 'கீதா' என்கிற எங்கள் ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது, சம்பந்தி. இனி அது செல்லாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆடி பிறக்கப் போகிறது. புதுப்பெண்ணை அழைத்துப் போகத் தாங்கள் வர வேண்டிய மாதம். பரீட்சை இருப்பதால் இப்போது அனுப்ப இயலாது. பரீட்சை இல்லாவிட்டாலும் அவள் வருவதாக இல்லை. இந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

தங்கள் அன்புள்ள,
வேதாசலம்


பெருநகர்
28.7.1979

அன்புமிக்க சம்பந்தி அவர்களுக்கு,

செல்லும்! வணக்கம் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமும் செல்லும் என்று நேற்றுக் கடிதம் வந்துவிட்டது. அம்முலு மூன்றாம் வருஷத்தில் சேர்ந்தாயிற்று. ஆண்டாளம்மாள் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள். சர்க்கரை அதிகம். இன்று யாரும் குறை சொல்லவில்லை.

ஆனால் இந்த இடத்துக்கு வந்து சேர நாங்கள் பட்ட பாட்டைத் தாங்கள் கேட்க வேண்டும். அம்முலு ஏரிக்கரையிலும் வயலிலும் அலைந்து தும்பை, மூக்கிரட்டை, பண்ணைக்கீரை, குப்பைமேனி என்று வேர் அறாமல் தோண்டி எடுத்து வந்து, மண்ணைக் கழுவி, ஈரம் போகக் கோணியில் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனாள். கோயிலுக்குப் போயிருந்த ஆண்டாளம்மாள் திரும்பி வந்தாள். கோணி நிறையப் பச்சையாக இருப்பதைப் பார்த்ததும், பட்டணத்துப் பெண்ணுக்கு இப்போதாவது கலவைக் கீரை பறிக்கத் தெரிந்ததே என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உட்கார்ந்தாள். ஆய்ந்தாள். வேரையும் பூவையும் குப்பைமேனியையும் எருமைக்குப் போட்டாள். மிச்சத்தைப் பூண்டு போட்டுக் கடைந்துவிட்டாள். நாங்கள் சாப்பிட்டோம். கடைசல் மிகவும் ருசியாக இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்முலு இரண்டாம் கவளத்தில்தான் கோணியைத் திரும்பிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் ஆண்டாளம்மாள், 'ஐயையோ, என் மருமவளோட ரெண்டு வருசப் படிப்பையும் நானே கடைஞ்சி ஊத்திட்டனே' என்று தலையில் அடித்துக்கொண்டாள். அம்முலு அழப் போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் பயந்தோம். அவள் சிரித்தாள் சம்பந்தி. புரையேறும்வரை சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் மாமியாரும் மருமகளும் செய்யாற்றங்கரைக்குப் புறப்பட்டுப் போனார்கள். ஆண்டாளம்மாள் கோணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். துளசியை மட்டும் தலைக்குக் குளிக்காமல் தொடக் கூடாது என்று தடுத்து, ஆற்றிலேயே மருமகளை முழுகவைத்திருக்கிறாள். எடுத்து வந்த செடிகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து, தாளை நெல் மூட்டைக்கு அடியில் வைத்து, அந்த மூட்டைமேல் பூனைகூட ஏறாமல் காவல் காத்தாள். கீரை என்ற பேச்சே பல நாள் வீட்டில் எழவில்லை.

பரீட்சையன்று நான் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே ஜன்னல் ஓரமாக நின்றேன். சென்னையிலிருந்து வந்திருந்த அதே பேராசிரியை அம்மாள் ஒரு தண்டைக் கொடுத்து மெல்லிசாகச் சீவச் சொன்னார். அம்முலு சீவி, கண்ணாடியில் வைத்து, பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்து, பார்த்ததை வரைந்தாள். ஒட்டிய தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேள்வி கேட்டார்கள். ஒன்றிரண்டுக்கு விழித்தாள். மற்றதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

எல்லாம் முடிந்த பிறகு அந்த அம்மாள், இவ்வளவு நன்றாகச் செய்கிற பெண் சொந்த ஊரிலேயே படித்து முடித்திருக்கலாமே, வீட்டில் நிறுத்திவிட்டார்களா என்று கேட்டார்.  அவள் மனதில் இருப்பது எனக்குத் தெரியும். கேட்கிறவரும் பரிவோடு கேட்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் யாரால் மறுக்க முடியும்?

அம்முலு சொன்னாள்: 'நிறுத்தலைங்க மேடம். எங்க நைனா ஊரைத்தான் மாத்தினாரு. இங்க வந்து படிக்கறதுக்குப் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை வாங்கி அனுப்பினதும் அவருதான்.'

சம்பந்தி, ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வார்த்தை எனக்குச் சேர வேண்டியதல்ல. சேர வேண்டியவர் அங்கே இல்லாததால் இதோ அனுப்பிவைக்கிறேன்.

ஆடிச் சீரைத் தங்கள் தம்பி கையில் அனுப்பிவிட்டு, 'என் முகத்தைப் பார்த்தால் அவளுக்குக் கோபம்தான் வரும், ஆகையால் நான் வரவில்லை' என்று தாங்கள் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை. ஆடிப்பெருக்கு கழிந்து வரும் திங்கட்கிழமை அவளுக்கு முதல் வகுப்பு. ராஜாராமுக்கு வங்கி இருக்கிறது. எனக்கு அறுவடை. கல்லூரிக்கு அழைத்துப் போய் விடுவதற்கு ஆள் வேண்டும். அப்பா இருக்கிற பெண்ணுக்கு மாமனார் எதற்கு? ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதுதான் வழக்கம். இந்த ஒரு வருஷம் கல்லூரிக்கு அழைத்துப் போங்கள். வழக்கம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

அவள் கூப்பிட்டாளா என்று கேட்பீர்கள். கூப்பிடவில்லை. சித்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் கடைசி பஸ்ஸில் வந்தால், காஞ்சிபுரத்தில் இறங்கிப் பெருநகருக்கு மாறு பஸ் கிடைக்குமா என்று இன்று காலையில் என்னைக் கேட்டாள். கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

வருகிற வழியெல்லாம் தங்களுக்கு நல்லபடியாக அமைய எங்கள் பிரம்மபுரீசுவரர் துணையிருக்கட்டும்.

என்றும் தங்கள்,
வேதாசலம்