டொராண்டோவுக்குப் போன வேண்டுதல்

ஒக்டோபர் 9, வெள்ளி

அம்மாவின் மார்பிலிருக்கும் கட்டியைச் சோதித்த முடிவு திங்கட்கிழமை வரும். அதற்காகத்தான் இன்று பின்னேரம் இருவரும் கோவிலுக்குப் போனோம்.

"இண்டைக்கு உனக்கெண்டு ஒண்டும் கேளாதை, பிள்ளை. எனக்காகக் கேள். நான் கேட்டுக் கேட்டு அம்மாளாச்சிக்கு என்ரை குரல் அலுத்துப் போயிருக்கும்" என்று அம்மா சிரித்தார்.

தீபம் காட்டும்போது கண்ணை மூடினேன். இன்றிரவு தோற்றால் டொராண்டோ பேஸ்போல் அணிக்கு இந்த வருடம் அவ்வளவுதான் என்பதே மனதில் வந்தது. அவர்களுடைய ஒரு ஆட்டத்தையும் நான் விட்டதில்லை. மாமா அங்கிருந்து அனுப்பிய அணிச் சட்டையை ஜாக்கெட்டுக்குள் போட்டிருந்தேன். அதைத் தொட்டுக்கொண்டு, "வெல்ல வேணும் தாயே" என்று கேட்டேன். கண்ணைத் திறந்தபோது சந்நிதித் திரையை மூடிவிட்டார்கள்.

எங்கள் வீடிருக்கும் ரொம்மனுக்குத் திரும்பும் ரயிலில் அம்மா, "என்ன பிள்ளை கேட்டனீ?" என்றார்.

"வேறை என்னம்மா, உங்கடை சுகத்தைத்தான்."

இறங்கும்வரை அம்மா என் கையை விடவில்லை.

ஆட்டத்தைப் போர்வைக்குள் கைபேசியில் பார்த்தேன். கடைசியாக அடித்த பந்து வேலிக்கு மேலால் போனது. வென்றுவிட்டோம். அம்மா எழும்பிவிடக் கூடாது என்று தலையணையைக் கடித்துக்கொண்டு துள்ளினேன். பிறகுதான் பயம் வந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

இப்போது கைபேசியை அணைத்துவிட்டு, அந்த வெற்றியைத் திருப்பி எடுத்துக்கொண்டு அம்மாவைச் சுகமாக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தேன். அப்படிக் கேட்கும்போதும், அடுத்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பது எனக்கு நினைவிருந்தது.